திறந்தவெளித் திரையும் நனவிடை தோய்தலும்: மன்னார்க் கரையிலிருந்து ஒரு நோக்கு

கழிந்த காலத்தை நினைந்து ஏங்கும் மனநிலையைக் குறிப்பதற்கு ஈழத்துத் தமிழில் ‘நனவிடை தோய்தல்’ என்னும் தொடர் இன்று நிலைபெற்றுள்ளது. எஸ். பொன்னுத்துரை 1992இல் வெளியிட்ட தமது நினைவு நூலுக்கு இட்ட பெயர் அது. ஐரோப்பிய மொழிகளில் இதற்கு நேராக வழங்கும் ‘நொஸ்ரால்ஜியா’ என்னும் சொல்லோ மருத்துவத் துறையிற் பிறந்தது. 1688இல் யோகன்னஸ் ஹோஃபர் என்னும் சுவிற்சர்லாந்து மருத்துவ மாணவர், வீட்டை விட்டு அயல்நாடு சென்றோரைப் பற்றிய ஒருவகை மனநோய்க்குப் பெயராக இச்சொல்லை ஆக்கினார். கிரேக்க மொழியில் ‘நொஸ்ரொஸ்’ என்பது வீடு திரும்புதல். ‘அல்கொஸ்’ என்பது வேதனை. ஒரு மொழி நோய் என்றதை மற்றொரு மொழி நீராட்டு என்கிறது. இவ்விரு பார்வைகளும் உண்மையின் இரு பக்கங்களே. கழிந்த காலத்தில் தோய்வது இதம் தருவது. அதே வேளை கண்ணை மறைப்பதும் அதுவே. இவ்விரண்டையும் பிரித்தறிவது திறனாய்வாளன் கடனாகும்.

இக்கட்டுரை அத்தகையதோர் ஏக்கத்தின் குறிப்பிட்ட வடிவமொன்றை ஆராய முற்படுகிறது. ‘ட்றைவ்-இன்’ என வழங்கும் வாகனத் திறந்தவெளிப் படமாளிகை இன்று உலகெங்கும் நினைவேக்கத்தின் சின்னமாகிவிட்டது. அந்தி மயங்கும் வேளை, வரிசையாக நிற்கும் மோட்டார் வண்டிகள், வானத்தின் கீழ் எழுந்து நிற்கும் வெண்டிரை ஆகியன ஒரு படிமமாகத் திரைப்படங்களிலும் விளம்பரங்களிலும் மீண்டும் மீண்டும் தோன்றுகின்றன. 2020இல் கொள்ளைநோய் காரணமாக மண்டபங்கள் மூடப்பட்டபோது பல நாடுகளில் அது புத்துயிரும் பெற்றது. வியப்புக்குரியது யாதெனில், அதனை ஒருபோதும் கண்டிராத நம்மவர் உள்ளத்தையும் அப்படிமம் கவர்வதே. காணாத ஒன்றின்மீது ஏக்கம் பிறப்பது எங்ஙனம்? அது இரவல் ஏக்கமா, அன்றி நம்முள் ஏற்கெனவே உறையும் வேறொரு நினைவை அப்படிமம் தொடுகின்றதா? இவ்வினாவுக்கு விடை காண முதலில் அம்மாளிகையின் வரலாற்றைச் சுருக்கமாக நோக்குதல் பொருந்தும்.

அமெரிக்காவின் நியூ ஜேர்சி மாநிலத்தில் கம்டன் நகருக்கு அருகே, 1933 ஜூன் 6ஆம் நாள், றிச்சர்ட் ஹொலிங்ஸ்ஹெட் என்பவர் முதலாவது வாகனப் படமாளிகையைத் திறந்தார். பின்னே நிற்கும் வண்டியில் இருப்போருக்கும் திரை தெரியும் வண்ணம் நிலத்தைச் சாய்வான படிகளாக அமைத்தமையே அவர் காப்புரிமை பெற்ற உத்தி. 1950களின் இறுதியில் அந்நாட்டில் இத்தகைய மாளிகைகள் 4000க்கு மேல் இருந்தன. இன்று எஞ்சியிருப்பவை சில நூறு மட்டுமே. இவ்வெழுச்சிக்கும் வீழ்ச்சிக்கும் காரணம் கலை அன்று, பொருளாதாரமே. போருக்குப் பிந்திய செழிப்பு, ஏறத்தாழ ஒவ்வொரு குடும்பத்துக்கும் கிட்டிய மோட்டார் வண்டி, நகர்ப்புறத்து மலிவான நிலம் என்பன அதனை வளர்த்தன. நிலத்தின் விலையேற்றம், தொலைக்காட்சி, ஒளிநாடா, 1970களின் எண்ணெய் நெருக்கடி என்பன அதனை வீழ்த்தின. 1960களின் பிற்பகுதியில் கோடைகால நேரமாற்றம் நாடெங்கும் பரவியதும் ஒரு காரணமே. கடிகாரம் முன்னே தள்ளப்பட, இருள் ஒரு மணித்தியாலம் பிந்தி வந்தது. படம் தொடங்குவதும் பிந்தியது. சூரியனை நம்பி நடத்தும் தொழில் சட்டத்தால் நலிந்த விந்தை இது.

தமிழகத்தில் ‘ட்றைவ்-இன்’ என்ற சொல் சென்னை மக்களுக்கு முதலில் உணவையே நினைவூட்டியது. 1962இல் தொடங்கிய உட்லண்ட்ஸ் ட்றைவ்-இன் உணவகம் 2008இல் மூடப்பட்டது. அவ்விடத்தில் 2010இல் செம்மொழிப் பூங்கா எழுந்தது. அவ்வுணவகத்தை நினைந்து உருகுவோர் இன்றும் பலர். சென்னையின் கிழக்குக் கடற்கரைச் சாலையில் ஈஞ்சம்பாக்கத்தில் பிரார்த்தனா என்னும் வாகனப் படமாளிகை 1991இல் தொடங்கிப் பல்லாண்டுகள் நடைபெற்றது. குஜராத்தின் அகமதாபாத்தில் 1973இலேயே ஒன்று திறக்கப்பட்டது. எனினும் இவையாவும் மோட்டார் வண்டி உடைய வகுப்பினருக்கென முதன்மையாக வகுக்கப்பட்டவை. பெரும்பான்மைத் தமிழரின் திறந்தவெளி அனுபவம் இவற்றினும் பழையது, வேறொரு வகுப்பினருடையது. 1905இல் சாமிக்கண்ணு வின்சென்ட் கூடாரத்துடனும் படவீழ்த்தியுடனும் ஊர்ஊராகச் செல்லத் தொடங்கியது முதல், ‘டூரிங் டாக்கீஸ்’ எனப்பட்ட கீற்றுக் கொட்டகைகளில் மணலைக் குவித்து, அதன்மேல் அமர்ந்து, பக்கத் திறப்புகளால் வரும் காற்றோடு படம் பார்த்தோரின் அனுபவமே அது. அங்கே வண்டி இல்லை. வண்டியின் கதவு மனிதரைப் பிரிக்கவும் இல்லை.

வாகனப் படமாளிகை நினைவில் நிலைப்பது ஏன் என ஆராயுமிடத்து ஓர் உண்மை புலப்படுகிறது. அங்குப் பார்த்த படம் எது என்பது பெரும்பாலும் மறந்துபோகிறது. நினைவில் நிற்பவை வேறு. குடும்பத்தோடு புறப்பட்டுச் செல்லும் பயணம் ஒன்று, இருள் கவியும்வரை காத்திருத்தல் மற்றொன்று, தமக்குரிய சிறு வட்டத்துக்குள் இருந்துகொண்டே பெருங்கூட்டத்தின் உறுப்பாகவும் இருக்கும் நிலை மூன்றாவது, கூரையில்லாமை நான்காவது. காற்றும் மழையும் நிலவும் திரையோடு போட்டியிடும் அந்நிலையில், பார்ப்பவன் இருப்பது கதைக்குள்ளும் உலகுக்குள்ளும் ஒருங்கே. மண்டபத்துள் இருள் செயற்கையானது; இங்கோ இருள் இரவுக்கே சொந்தமானது. இந்நான்கு கூறுகளுள் எதற்கும் மோட்டார் வண்டி இன்றியமையாததன்று என்பதே நமது வாதத்தின் அச்சாணி.

இதனை மன்னார்க் கரையில் வைத்து நோக்குவோம். மன்னார்த் தீவும் மாதோட்டப் பெருநிலமும் கத்தோலிக்க நாட்டுக்கூத்து மரபால் சிறப்புற்றவை. மாதோட்டப் பாங்கு, யாழ்ப்பாணப் பாங்கு என இரு பாங்குகளும், அவற்றினும் சுருங்கிய வாசாப்பும் இங்கு வழங்கின. பேராசிரியர் சு. வித்தியானந்தன் 1960களில் என்றிக் எம்பரதோர், மூவிராசாக்கள், ஞானசவுந்தரி முதலாய மன்னார் நாடகங்களைப் பதிப்பித்தமையால் அம்மரபு பல்கலைக்கழக ஆய்வுக்குள் வந்தது. பேசாலையில் உருவங்களைக் கொண்டு இயேசுவின் பாடுகளைக் காட்டும் ‘உடக்குப் பாஸ்’ மரபும் உண்டு. ஒளித்திரை வருமுன்னரே, அசையும் உருவத்தின் முன் ஊர் முழுவதும் கூடி நின்று கண்ணீர் சொரிந்த அனுபவம் இக்கரைக்கு இருந்தது.

கூத்து விடிய விடிய நடந்தது. திறந்த வெளியிற் பாயை விரித்துக் குடும்பம் குடும்பமாக அமர்ந்தனர். பிள்ளைகள் இடையில் உறங்கிப் பின் வெள்ளி முளைக்கும் வேளையில் விழித்தனர். மடுத் திருத்தலத்தின் ஆடித் திருவிழாவுக்கும் ஆவணித் திருவிழாவுக்கும் மாட்டு வண்டிகளில் வந்து, காட்டில் வண்டிகளை அவிழ்த்துவிட்டு, அவற்றின் அருகே கொட்டில் அமைத்து நாட்கணக்கில் தங்கிய வழக்கமும், திருக்கேதீச்சரத்தில் சிவராத்திரியன்று கண்விழித்த வழக்கமும் இதனோடு இணைத்து நோக்கத்தக்கவை. புறப்பாடு, காத்திருப்பு, தனிவட்டமும் கூட்டமும் இணைந்த நிலை, கூரையற்ற இரவு ஆகிய நான்கும் இங்கு உள்ளன. எனவே அமெரிக்க வாகனத் திரையின் படிமம் நம்மைத் தொடும்போது, அது நமக்குப் புதிதாக ஒன்றைத் தருவதில்லை. நம்மிடம் இருந்ததையே அந்நிய உடையில் திருப்பிக் காட்டுகிறது.

ஆயினும் ஒரு வேறுபாட்டை வற்புறுத்தல் வேண்டும். வாகனத் திரையின் பார்வையாளன் நுகர்வோன். கூத்தின் பார்வையாளனோ பங்காளி. மேடையில் அரசனாக ஆடுபவன் அவனுடைய மைத்துனன். மறுநாட் காலை அவனோடு தோணியில் ஏறுபவன். அண்ணாவியாரின் பாட்டில் ஒரு சொல் தவறினும் முன்வரிசைக் கிழவர் அதனை அறிவர். வாகனத் திரைக்கான ஏக்கம் கைநழுவிய பொழுதுபோக்குக்கானது. கூத்துக்கான ஏக்கம் கைநழுவிய உறவுக்கானது. முன்னதை விலைக்கு மீட்கலாம். பின்னதை மீட்க விலை போதாது.

தமிழ் இலக்கண மரபும் இவ்விடத்து நமக்குத் துணைநிற்கிறது. கடலும் கடல்சார்ந்த இடமுமாகிய நெய்தலுக்கு முன்னோர் வகுத்த உரிப்பொருள் இரங்கல்; அதற்குரிய சிறுபொழுது எற்பாடு. எற்பாடு என்பதற்கு ஞாயிறு சாயும் வேளை என்பது பெருவழக்கான விளக்கம். கதிர் சாய, கரையிலிருப்பவர் வராதவரை நோக்கிக் காத்திருக்கும் நிலையே அத்திணையின் உயிர். ஏக்கத்துக்கு ஒரு நிலமும் ஒரு பொழுதும் உண்டு எனக் கண்ட கோட்பாடு இது. திறந்தவெளித் திரையின் கவர்ச்சியும் அந்தியிற் காத்திருப்பதிலேயே பெரிதும் தங்கியுள்ளது என்பதை எண்ணுமிடத்து, இக்கோட்பாட்டின் ஆழம் விளங்கும்.

இனி, இவ்வேக்கத்தைக் கலையாக்கிய இரு திரைப்படங்களை ஒப்புநோக்கலாம். முதலாவது, இத்தாலிய நெறியாளர் ஜூசெப்பே தொர்நத்தோரேயின் ‘சினிமா பரடீசோ’ (1988). சிசிலித் தீவின் சிற்றூரொன்றில் படவீழ்த்தியாளர் அல்ஃபிரேதோவோடு பழகி வளர்ந்த சிறுவன் சல்வத்தோரே, பிற்காலத்தில் புகழ்பெற்ற நெறியாளனாகி, முப்பதாண்டுகளின் பின் முதியவரின் இறுதிச் சடங்குக்காக ஊர் திரும்புவதே கதை. இதில் திறந்தவெளிக் காட்சிகள் இரண்டு உண்டு. மண்டபத்துள் இடமின்றி வெளியே நிற்கும் மக்களுக்காக அல்ஃபிரேதோ ஒளியைத் திருப்பி, சதுக்கத்து வீடொன்றின் சுவரிற் படத்தை விழுத்துகிறார். மக்கள் ஆரவாரிக்கின்றனர். மாளிகைப் பணியாளனோ உடனே வெளியே வந்து அரைக்கட்டணம் கேட்கிறான். சற்றுநேரத்தில் படச்சுருள் தீப்பற்றி அல்ஃபிரேதோ கண்ணிழக்கிறார். பொதுவெளிக்கு இலவசமாகத் திறந்த ஒளிக்கு அடுத்த கணமே விலையும் விபத்தும் வந்துசேர்வதை இக்காட்சி உணர்த்துகிறது.

மற்றையது கடற்கரைக் காட்சி. கோடையில் கரையோரம் எழுப்பிய திரையில் யுலிசிஸின் கதை ஓடுகிறது. மக்கள் சிலர் கட்டணமின்றித் தோணிகளில் இருந்தவாறே அதனைப் பார்க்கின்றனர். யுலிசிஸ் வீடு திரும்பும் வீரன். ‘நொஸ்ரொஸ்’ என்ற சொல்லின் மூலக்கதை அவனுடையதே. திரும்புதலின் காவியத்தை மீனவர் தோணியில் இருந்து பார்க்கும் இக்காட்சி, கடலோரத்து வாசகனுக்கு வேறெவருக்கும் விளங்காத அளவுக்கு விளங்கக்கூடியது. வாகனப் படமாளிகையின் மோட்டார் வண்டிக்கு நெய்தல் நிலத்து மாற்று தோணியே. படத்தின் இறுதியில் அப்படமாளிகை இடித்து வீழ்த்தப்படுகிறது. அவ்விடம் மோட்டார் வண்டிகள் நிறுத்துமிடமாகப் போகிறது. அமெரிக்காவில் வண்டி நிறுத்துமிடமே படமாளிகையாயிற்று. இங்கோ படமாளிகை வண்டி நிறுத்துமிடமாகிறது. இம்முரணில் ஒரு நூற்றாண்டின் வரலாறு அடங்கியுள்ளது.

எனினும் தொர்நத்தோரேயின் ஏக்கம் வெற்றி பெற்றவனின் ஏக்கம். ஊரைத் துறந்து போகவும், திரும்பி வராதிருக்கவும், பழமைக்கு ஏங்காதிருக்கவும் அல்ஃபிரேதோ அவனுக்கு அறிவுறுத்துகிறார். அவ்வறிவுரையைக் கேட்டதனாலேயே அவன் உயர்ந்தான். உயர்ந்ததனாலேயே அவனால் அழகாக அழ முடிகிறது. இப்படத்தின் இனிமையும் குறையும் ஒன்றே. ஊரில் தங்கியவர்களின் நாற்பதாண்டு வாழ்வு அவன் கண்ணீருக்குப் பின்னணி மட்டுமே.

இதற்கு மறுதலையாக வசந்தபாலனின் ‘வெயில்’ (2006) அமைகிறது. படம் பார்க்கச் சென்ற குற்றத்துக்காகச் சிறுவன் முருகேசனைத் தந்தை நிர்வாணமாக்கிக் கொளுத்தும் வெயிலிற் கட்டிப்போடுகிறார். வீட்டை விட்டோடும் சிறுவன் வேற்றூரில் ஒரு படமாளிகையில் தஞ்சமடைந்து, படவீழ்த்தியாளனாகி, அங்கேயே வளர்கிறான். காலம் மாற மாளிகை மூடப்படுகிறது. வேறெதுவும் அறியாத அவன் வெறுங்கையோடு ஊர் திரும்புகிறான். சல்வத்தோரேக்குத் திரை ஏணி. முருகேசனுக்கு அது குகை. முன்னவன் திரும்பும்போது ஊர் அவனை வணங்குகிறது. பின்னவன் திரும்பும்போது தந்தை அவனைச் சுமையெனக் காண்கிறார். தோற்றவனின் ஏக்கத்தைத் தமிழ்த் திரை இத்துணை நேர்மையோடு காட்டியது அரிது. பிற்பகுதியில் வன்முறைக் கதையின் வழமைகளுக்குள் படம் சென்றுவிடுவது குறையே எனினும், படமாளிகையை இழந்தவன் இழப்பது பொழுதுபோக்கை அன்று, தனக்கென இருந்த ஒரே முகவரியை என்பதை அது நிறுவிவிடுகிறது.

ஸ்வெத்லானா பொய்ம் என்னும் ஆய்வாளர் 2001இல் வெளியிட்ட நூலில் நினைவேக்கத்தை இருவகைப்படுத்தினார். இழந்த வீட்டை மீளக் கட்ட முயல்வது ஒருவகை. இழப்பையே சிந்திப்பது மற்றொரு வகை. முதலாவது தன்னை உண்மையென்றும் மரபென்றும் கூறிக்கொள்ளும். இரண்டாவது ஐயங்களோடு வாழும். இப்பாகுபாடு நமக்குப் பயன்படுவதே. ஆயின் வெற்றி பெற்றவன், தோற்றவன் ஆகிய இருவரோடு மன்னார்க் கரை மூன்றாமவன் ஒருவனையும் நம்முன் நிறுத்துகிறது. அவன் துரத்தப்பட்டவன்.

1990 ஒக்ரோபர் இறுதியில் விடுதலைப் புலிகள் வடமாகாண முஸ்லிம் மக்களை வெளியேற்றினர். மன்னார்த் தீவின் எருக்கலம்பிட்டி, தாராபுரம் முதலாய ஊர்களின் மக்கள் தோணிகளில் கற்பிட்டிக் கரைக்குச் சென்று, புத்தளத்து முகாம்களில் ஒரு தலைமுறை வாழ்ந்தனர். அதற்கு முன்னும் பின்னும் தமிழர் பல்லாயிரவர் இதே கரையிலிருந்து கடல் கடந்து மண்டபம் முகாமை அடைந்தனர். 1914 முதல் தலைமன்னாரையும் இராமேசுவரத் தீவையும் இணைத்த கப்பற் சேவை 1980களிலும், தலைமன்னார்ப் புகையிரதம் 1990இலும் நின்றன. புகையிரதம் 2015இல் மீண்டும் தலைமன்னாரை அடைந்தது. இவ்வாறு பிரிந்தவர் ஒவ்வொருவரும் அதே மன்னாரை நினைந்து ஏங்குகின்றனர். ஆனால் ஒவ்வொருவர் நினைவிலும் உள்ள மன்னார் வேறு. முகாமில் பிறந்த பிள்ளை தான் காணாத ஊருக்கு ஏங்குகிறது. வாகனத் திரையைக் காணாமலே அதற்கு ஏங்கும் நம் நிலைக்கும் அப்பிள்ளையின் நிலைக்கும் இடையே வெளித்தோற்றத்தில் ஒப்புமை உண்டு. முன்னது சந்தை தந்த ஏக்கம். பின்னது வரலாறு சுமத்திய ஏக்கம். இரண்டையும் ஒரே சொல்லால் அழைப்பது திறனாய்வு ஆகாது.

நினைவேக்கம் எதை மறைக்கிறது என்பதையும் கேட்டல் வேண்டும். அமெரிக்க வாகனத் திரையின் இனிய படிமம், தென்மாநிலங்களில் சில மாளிகைகள் கறுப்பினத்தவரை ஒதுக்கி வைத்ததைச் சொல்வதில்லை. நம் கூத்து நினைவும் குற்றமற்றதன்று. கூத்தில் பெண்வேடத்தை ஆண்களே தாங்கினர். பெண்கள் பாயிலிருந்து பார்த்தனர். நமது படமாளிகைகளிலும் கலரி, பல்கனி என்ற பிரிவு இருளிலும் மறையவில்லை. ‘அக்காலத்தில் எல்லோரும் ஒன்றாக இருந்தோம்’ என்னும் தொடரைக் கேட்கும்போதெல்லாம் அந்த ‘எல்லோரும்’ யார் எனக் கேட்பது மாணவர்தம் கடமை. முஸ்லிம் அயலவர் இல்லாத மன்னார் நினைவும், அவர்கள் ஏன் இல்லாமற் போயினர் என்பதைச் சொல்லாத மன்னார் நினைவும் குறைபட்டவையே.

ஏக்கத்துக்குப் பொருளே எஞ்சாத நிலையும் நமக்குண்டு. கரையோர மீனவர் வாழ்வைச் சித்திரித்த செங்கை ஆழியானின் ‘வாடைக்காற்று’ நாவல் 1978இல் திரைப்படமாயிற்று. ஈழத்துத் தமிழ்ச் சினிமா அன்று தளிர்விட்டுக்கொண்டிருந்தது. 1983 ஜூலை வன்செயலில் ஹெந்தளையில் இருந்த விஜயா கலையகம் எரிக்கப்பட்டபோது இலங்கைத் திரைப்படச் சுருள்கள் பல அழிந்தன. ‘பரடீசோ’வில் எரிந்தது ஒரு சுருள்; அது விபத்து. நமக்கு எரிந்தது ஒரு காப்பகம்; அது விபத்தன்று. பார்த்த படத்தை மீண்டும் பார்த்து ஏங்கும் வாய்ப்பே மறுக்கப்பட்ட சமூகம், பிறருடைய படிமங்களில் தன் ஏக்கத்தை ஏற்றிப் பார்ப்பதில் வியப்பில்லை.

இதுவரை கூறியவற்றால் பெறப்படுவன இவை. வாகனத் திறந்தவெளிப் படமாளிகையின் கவர்ச்சி வண்டியிலோ படத்திலோ தங்கியதன்று. இரவில் வானத்தின் கீழ் பலரோடு காத்திருந்ததிலே தங்கியது. அவ்வனுபவம் மன்னார்க் கரைக்குக் கூத்தாகவும் திருவிழாவாகவும் முன்பே வாய்த்திருந்தது. அதனை அறியாது அந்நியப் படிமத்துக்கு ஏங்குவது தன் வீட்டை அயல்வீட்டுக் கண்ணாடியிற் காண்பது போன்றது. அதனை அறிந்து, தன் மரபைக் குற்றமற்றதெனக் கொண்டாடுவது அதனினும் பெரிய தவறு.

நம்முன் உள்ள பணி தெளிவானது. அண்ணாவிமாரின் ஏடுகளையும் குரல்களையும் பதிவுசெய்தல் வேண்டும். அவற்றோடு, கூத்து மைதானத்தின் ஓரத்தில் நின்று பார்த்தோர், பாயில் அமர்ந்திருந்த பெண்கள், கலரியில் இருந்தோர், எருக்கலம்பிட்டியிலிருந்து வந்து புத்தளத்தில் முதுமையுற்றோர், மண்டபம் முகாமில் வாழ்வோர் ஆகியோர் எதனை நினைவிற் கொண்டுள்ளனர் என்பதையும் கேட்டு எழுதுதல் வேண்டும். அவர்கள் நினைவுகள் ஒன்றோடொன்று முரண்படும். முரண்படட்டும். ஒருவருடைய மன்னாரை மற்றவருடைய மன்னார் திருத்தும்போதே நனவிடை தோய்தல் வெறும் நீராட்டு என்ற நிலையிலிருந்து அறிவாக உயர்கிறது.